பதினைந்து வயதில் ஒரு கேள்வி



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "எந்த குரூப் எடுக்கப் போகிறாய்?" உயிரியலா, கணினி அறிவியலா, வணிகவியலா? பிள்ளைக்கு வயது பதினைந்து. இந்த ஒரு பதிலில் தன் வாழ்க்கையே முடிவாகிவிடும் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. அப்படி நினைக்க வைப்பவர்களும் நாமே.

இன்றைய பிள்ளைகளுக்கு எதிர்காலத்தைப் பற்றிய கவலையே இல்லை, எந்நேரமும் கைப்பேசிதான் என்கிறோம். கவலை இருக்கிறது, நம்மிடம் சொல்வதில்லை. மதிப்பெண் குறைந்தால் அம்மாவின் முகம் வாடிவிடுமே, கல்விக் கடனை அப்பா எப்படிக் கட்டுவார் என்று உள்ளுக்குள் அஞ்சுகிற பிள்ளைகள் பலர். வளர்வது என்றால் பெற்றோரை ஏமாற்றாமல் இருப்பது என்றே அவர்களில் சிலர் எண்ணிவிடுகிறார்கள்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாள்களுக்குப் பின் பெற்றோர் கோவிலில் கண்டார்கள். அவர் சொன்ன பதில் மரியாவுக்கும் யோசேப்புக்கும் புரியவில்லை. மரியா தம் வேதனையைச் சொன்னார். ஆனால் மகனுடைய வாயை அடைக்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துக் காத்தார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பி, பணிந்து வளர்ந்தார். பிள்ளையைப் புரிந்துகொள்ள முடியாமல் போவது குற்றமல்ல. கேட்க மறுப்பதே குற்றம்.

இளையோரைக் குறித்த ஆயர் மாமன்றத்திற்கு முன்னோடியாக, 2018 மார்ச் மாதத்தில் சுமார் 300 இளையோர் உரோமையில் கூடினார்கள். தங்களை வழிநடத்துவோர் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே எழுதிக் கொடுத்தார்கள். குறையே இல்லாதவர்களை அவர்கள் கேட்கவில்லை. தவறு செய்து மன்னிப்புப் பெற்றவர்களை, உடன் நடந்து வருபவர்களைக் கேட்டார்கள்.

மாமன்றத்திற்குப் பின், 2019இல் 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் மடலை எழுதிய திருத்தந்தை பிரான்சிஸ், நான் யார் என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், நான் யாருக்காக என்று கேட்கும்படி இளையோரை அழைத்தார். "என்ன வேலைக்குப் போவாய்?" என்று ஓயாமல் கேட்கும் நாம், இந்தக் கேள்வியைப் பிள்ளையோடு அமர்ந்து எப்போதாவது பேசியிருக்கிறோமா?

இந்த வாரம் ஒரு நாள் இரவு உணவுக்குப் பின் தொலைக்காட்சியை அணைப்போம். அவர்கள் வயதில் நாம் தோற்ற ஒரு கதையை, தோற்ற பின்னும் இறைவன் நம்மை நடத்திய விதத்தை, மறைக்காமல் சொல்வோம். பிறகு பேசாமல் இருப்போம். அவர்கள் பேசத் தொடங்குவார்கள். அன்று தொடங்காவிட்டாலும், நம்மிடம் பேசலாம் என்பதையாவது தெரிந்துகொள்வார்கள்.