தூங்கும் உடல் – 9: நாடி மறக்காத விழிப்புகள்

பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை சட்டென்று நின்றுபோனால் நமக்குத்தான் முதலில் விழிப்புத் தட்டும். பத்து நொடி, இருபது நொடி, சத்தமே இருக்காது. பிறகு ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை. காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த இழுப்புக்காக மூளை சில நொடிகள் விழித்தது உண்மை. நினைவில் பதியும் அளவுக்கு அது நீளவில்லை, அவ்வளவுதான்.

இதயத்தில் மட்டும் அது பதிந்துவிடுகிறது.

சென்ற வாரம் பார்த்த மூளை மின்னலைகளை வைத்து, 1992-இல் அமெரிக்க உறக்கக் கோளாறுகள் சங்கம் இந்தக் குறுவிழிப்புக்கு இலக்கணம் வகுத்தது. குறைந்தது 10 நொடி தூக்கத்துக்குப் பின் மின்னலையின் வேகம் திடீரென மாறி, 3 நொடியாவது நீடிக்க வேண்டும். இரண்டரை நொடி என்றால் கணக்கில் சேராது. ஆனால் அந்த இரண்டரை நொடிக்கும் நாடி துள்ளத்தான் செய்கிறது. பல சமயம் மின்னலை மாறுவதற்கு முன்பே துடிப்பு ஏறத் தொடங்கி, உச்சம் தொட்டு, பழைய அளவுக்கும் கீழே இறங்கி, பிறகே நிலைக்கு வருகிறது.

நல்ல இதயம் ஒரே சீராகத் துடிக்காது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றாலும் இடைவெளிகள் 960, 1,020, 1,050 மில்லிநொடி என்று மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கும், விடும்போது விலகும். 1847-லேயே கார்ல் லுட்விக் இதைச் சுழலும் உருளையில் வரைந்து காட்டிவிட்டார். இந்த ஊஞ்சலை ஆட்டுவது, துடிப்பை மந்தமாக்கும் வேகஸ் நரம்பு. ஆழ்ந்த தூக்கத்தில் அதன் கை ஓங்கியிருக்கும். விழிப்பு வந்தால் அதன் பிடி தளர்ந்து, துடிப்பை விரைவாக்கும் பரிவு நரம்புகள் முந்திக்கொள்ளும்.

தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு இது இரவெல்லாம் நடக்கிறது. மூச்சு அடைபடும்போது துடிப்பு மந்தமாகும், திரும்பியதும் பாயும். 1984-இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் கில்லெமினோ குழுவினர், உடலில் அணிந்துகொள்ளும் 24 மணி நேர ஈசிஜியான ஹோல்டர் பதிவில் தெரியும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே நோயாளிகளை அடையாளம் காணலாம் என்று லான்செட் இதழில் எழுதினார்கள். 2000-இல் ஒரு போட்டியே நடந்தது. 70 இரவுகளின் ஈசிஜி பதிவுகளில் பாதியை வைத்துப் பழகி, மீதியில் எந்த நிமிடத்தில் மூச்சு அடைபட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். முன்னணிக் குழுக்கள் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லின. மூக்கில் குழாய் இல்லை, தலையில் கம்பி இல்லை, ஈசிஜி ஒன்றுதான்! ஆனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தாலோ, சர்க்கரை நோயால் நரம்புகள் கெட்டிருந்தாலோ இந்த வழி கைகொடுக்காது.

துடிப்பு இடைவெளிகள் இப்படி மாறுவதை, அதாவது இதயத்துடிப்பு மாறுபாட்டை, இன்று கைக்கடிகாரம் காலையில் ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அது கூடினால் நல்லது என்று பலரும் நிம்மதி அடைகிறார்கள். எனக்குக் கவலை தருவது இதுதான். மூச்சடைப்பு எழுப்பும் அந்தப் பெரிய, மெதுவான அலைகளும் மாறுபாடுதான். சில அளவைகளில் அவை எண்ணை உயர்த்தியே காட்டும். மூச்சோடு சேர்ந்து ஆடும் சிற்றலையா, மூச்சுக்குத் திணறி எழும் பேரலையா என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. எண் நன்றாக இருந்தும் பகலில் கண் சொக்கினால், கடிகாரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன், மூக்கு வழியே காற்றை அழுத்தி இந்த அடைப்பைத் திறந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)