கால் புண்ணும் எலி எச்சிலும்

பௌர்ணமி ராத்திரியில் அடி அண்ணாமலை கோயில் ஓரமாக நின்று, மலையை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். கிரிவலம் 14 கிலோமீட்டர், பெரும்பாலும் வெறுங்கால். ஆபீஸில் லிஃப்ட் ரிப்பேர் என்றால் லீவு போடுகிற ஆசாமிகூட விறுவிறுவென்று நடப்பார்! கல் குத்தி 'ஆ'வென்று கத்துகிறவர் அதிர்ஷ்டசாலி சார். சர்க்கரை வியாதியில் நரம்பு மரத்த காலுக்குக் குத்தியதே தெரியாது. புண் ஆறாமல் விரலை, காலை எடுத்த கதை நம்ம தெருவிலேயே ரெண்டு இருக்கும்.

கூட நடந்த நண்பர் ஆய்வுக்கூடத்துக்காரர். "வளர்ச்சிக் காரணின்னு ஒரு புரதம் இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா?" என்றார். நான் பி.காம்.! எனக்குத் தெரிந்த வளர்ச்சி, பிக்ஸட் டெபாசிட் வட்டிதான்.

ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க விஞ்ஞானி நரம்பை வளர்க்கும் பொருளைத் தேடியவர். பாம்பு விஷத்தில் அது ஏராளமாக இருந்தது. விஷப்பைக்குச் சமமான உறுப்பு எலிக்கு எது? எச்சில் சுரப்பி! அதன் சாற்றை எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டால், ரெண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண் ஒரே வாரத்தில் திறந்துகொண்டது. இது வேறு சரக்கு என்று பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்தார். தோல் செல்களைப் பெருகச் சொல்லும் ஈ.ஜி.எஃப். அதுதான். 1986-இல் ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் நோபல் பரிசு.

அதற்காக எத்தனை எலியைப் பிடிப்பது? மனித ஜீனை பாக்டீரியாவுக்குள்ளோ ஈஸ்ட்டுக்குள்ளோ வைத்துவிட்டால், அது பாட்டுக்குத் தயாரித்துத் தள்ளும். ஆய்வுக்கூடங்களில் செல் வளர்க்க இதைத்தான் வாங்குகிறார்கள். மைக்ரோகிராம் கணக்கு, எடைக்கு எடை தங்கமெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். குப்பி காலியாக இருப்பது போலவே தெரியும். உறைய வைத்து உலர்த்திய பவுடர் அவ்வளவு துளி!

அந்தக் குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று போட்டிருப்பார்கள். மனிதன் மேல் தடவ அல்ல. அதே புரதம் மருந்தாக வேண்டுமானால் தனித் தயாரிப்பு, தனிச் சோதனை, தனி லைசென்ஸ். திருத்தணிப் பக்கத்துக்காரரான கிருஷ்ணா எல்லா 1996-இல் ஹைதராபாத்தில் ஆரம்பித்த பாரத் பயோடெக், இதை 'ரீஜென்-டி' என்ற களிம்பாக்கியது. சர்க்கரைப் புண்ணில் அதைச் சோதித்த முடிவுகள் 2006-இல் வெளியாயின. சோதித்தவர்களில் சென்னை டாக்டர் விஜய் விஸ்வநாதனும் ஒருவர். வெறும் களிம்பு போட்டவர்களைவிட இதைப் போட்டவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறியிருந்தது.

"அப்போ வாங்கித் தடவிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

நண்பர் முறைத்தார். "செல்லைப் பெருகச் சொல்ற சமாசாரம்பா. புண்ணுல புற்று இருந்தா அதுவும் கேட்டுக்கும். டாக்டர் பார்த்து, அழுகினதைச் சுரண்டி, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, அப்புறம்தான் களிம்பு!"