நூறு பாபின்கள், நான்கே இடங்கள்

ஒரு வட்டத் திண்டு. அதன்மேல் நெருக்கமாகக் குத்திவைத்த குண்டூசிகள். அவற்றிலிருந்து கீழே விசிறிபோல் விரிந்து கிடக்கின்றன நூறு சிறு கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஒரு மெல்லிய வெள்ளை நூல் மேலே செல்கிறது. பார்த்தவுடன் நமக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் திண்டின்முன் அமர்ந்திருக்கும் பெண், கட்டைகளை விறுவிறுவென்று மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். கட்டைகளில் எண்கள் இல்லை. நூல்கள் எல்லாம் ஒரே நிறம். எந்த நூல் எங்கே போகவேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது?

இப்படிப் பின்னப்படும் துணிக்கு பாபின் லேஸ் என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பிளாண்டர்சிலும் வளர்ந்து, பின்னர் ஐரோப்பா எங்கும் பரவிய கலை இது. தையல் இயந்திரத்தில் நூல் சுற்றிவைக்கும் சிறு உருளையை பாபின் என்கிறோம் அல்லவா? இங்கே பாபின் என்பது ஏறத்தாழ விரல் நீளமுள்ள மெல்லிய கட்டை. மரத்திலோ எலும்பிலோ கடைந்து செய்வார்கள். அதற்கு இரண்டு வேலைகள்: நூலைச் சுற்றி வைத்துக்கொள்வது ஒன்று, தன் எடையால் நூலைத் தொய்யாமல் வைத்திருப்பது மற்றொன்று.

குறுக்கும் முறுக்கும்

நூறு பாபின்கள் இருந்தாலும், ஒரு நேரத்தில் கையாளப்படுபவை நான்கே. அதாவது இரண்டு இணைகள். இடமிருந்து வலமாக அவற்றின் இடங்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுப்போம். எண் இடத்துக்குத்தான், பாபினுக்கு அல்ல என்பதை மறக்கவேண்டாம்.

செய்யக்கூடிய அசைவுகள் இரண்டே. 2-ஆம் இடத்து நூலை 3-ஆம் இடத்து நூலின் மேலாக வலப்புறம் வைத்தால் அது ‘குறுக்கு’. 2-ஆம் இடத்து நூலை 1-இன் மேலாகவும், 4-ஆம் இடத்து நூலை 3-இன் மேலாகவும் இடப்புறம் வைத்தால் அது ‘முறுக்கு’. பூ, இலை, வலை என்று எத்தனை வடிவங்களைப் பின்னினாலும் அடிப்படை இந்த இரண்டுதான்!

குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று செய்தால் இடப்பக்க இணை வலப்பக்கம் போய்விடும். வலப்பக்க இணை இடப்பக்கம் வந்துவிடும். இப்படியே ஒரே இணையை அடுத்தடுத்த இணைகளின் ஊடே ஓட்டிச் சென்றால், தறியில் ஊடைநூல் ஓடுவது போல அது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்ச் சேரும். அங்கே ஒரு குண்டூசி குத்தி, அதைச் சுற்றித் திருப்புவார்கள். எனவே பின்னுபவர் நூறு நூல்களையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஓடும் இணை எது, அடுத்த இணை எது என்று தெரிந்தால் போதும். அடுத்தது எது என்பதை அது கிடக்கும் இடமே சொல்லிவிடும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பாபின்கள் தம் வரிசையை விட்டு நகரக்கூடாது.

வரிசையைக் காப்பது எப்படி?

முதலில், எல்லா நூல்களும் குண்டூசியிலிருந்து ஒரே அளவு நீளம் தொங்கவேண்டும். நீளம் ஏறி இறங்கினால் ஒரு பாபின் மற்றொன்றின்மேல் ஏறிக்கொள்ளும். அடுத்து, வேலையில் இல்லாத பாபின்களைச் சிறு குழுக்களாக ஒதுக்கி, குழுவுக்கு ஒரு பெரிய ஊசியைத் தடுப்பாகக் குத்திவைப்பார்கள். வேலையை நிறுத்தும்போது நடுவரிசையில் விட்டுவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். வரிசையை முடித்து, பாபின்களை நாடாவால் அழுத்திக் கட்டிவிடுவார்கள்.

இங்கிலாந்தின் பெட்போர்டு, பக்கிங்காம் வட்டாரங்களில் பாபினின் அடிமுனையில் கண்ணாடி மணிகளை ஒரு கம்பி வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டார்கள். அவை அழகுக்கு மட்டுமல்ல. அந்த மணிகள் எடையைக் கூட்டுகின்றன. மெல்லிய பாபின் உருண்டோடாமல் தடுக்கின்றன. மணிகளின் நிறத்தைக் கொண்டு ஓடும் இணையை அடையாளம் வைத்துக்கொள்ளவும் முடியும்.

நீங்களே செய்து பாருங்கள்

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு கம்பளி நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சேர்த்து முடிந்து தலையணையில் குத்துங்கள். மறுமுனைகளில் பென்சில் துண்டுகளைக் கட்டுங்கள். பாபின்கள் தயார்! இப்போது குறுக்கு, முறுக்கு என்று நான்கு முறை செய்யுங்கள். என்ன ஆயிற்று? நிறங்கள் தொடங்கிய அதே வரிசையில் நிற்கின்றன. ஆனால் மேலே பாருங்கள்: அழகான பின்னல் ஒன்று உருவாகியிருக்கிறது!

இங்கேதான் ஒரு கணித உண்மை ஒளிந்திருக்கிறது. பாபின்களின் வரிசை, நூல்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. எந்த வழியாக வந்தன என்பதைப் பின்னல்தான் சொல்கிறது. 1925-ஆம் ஆண்டில் எமில் ஆர்ட்டின் என்ற கணித அறிஞர், பின்னல்களை இயற்கணிதம்போல் ஆராயும் முறையை வகுத்தார். அதன் அடிப்படை இந்த வேறுபாடுதான்.

தவறு நேர்ந்தால் என்ன செய்வது? ஒரு குறுக்கைத் தவறாகப் போட்டுவிட்டோம் என்று வையுங்கள். மறுபடியும் ஒரு குறுக்குப் போட்டால் பாபின்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் நூல்கள் ஒன்றையொன்று முழுச்சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும். தவறு இரட்டிப்பாகிவிட்டது! மேலே போன நூலை மேலாகவே திரும்பக் கொண்டுவரவேண்டும். பல அசைவுகள் கடந்திருந்தால், கடைசியாகச் செய்ததை முதலில் பிரிக்கவேண்டும். அவசரப்பட்டு ஏதோ ஒரு நூலை இழுத்தால் பல நாள் உழைப்பு பாழாகும்.

இந்த உழைப்பின் மதிப்பை நம் நாட்டுப் பெண்கள் சிலர் நன்கு அறிந்திருந்தார்கள். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, தம் பள்ளி மாணவியருக்குத் திண்டு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே அடிமை முறை 1855 வரை நீடித்தது. அடிமைகளாக இருந்த பெண்களுள் சிலர், லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள்.

இனி எங்கேனும் பழைய லேஸ் துண்டு ஒன்று கிடைத்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பாபின்கள் என்றோ அகற்றப்பட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு குறுக்கும் முறுக்கும் செய்த வரிசை மாறாமல் அப்படியே இருக்கும்.