ஒரு சாவி, நூறு கதவுகள்: மாஸ்டர் சாவிக்குப் பின்னால் உள்ள கணக்கு

ஒரு வணிகக் கட்டடத்தில் நூறு கதவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாடியில் வேலை செய்யும் கணக்காளரிடம் இருக்கும் சாவி அவருடைய அறையை மட்டுமே திறக்கும். பக்கத்து அறையில் அதை நுழைத்தால் அசையாது. ஆனால் கட்டட மேலாளரிடம் உள்ள ஒரே சாவி அந்த நூறு கதவுகளையும் திறந்துவிடும். அதைத்தான் மாஸ்டர் சாவி என்கிறோம்.

மாணவர்களே, இதில் ஒரு புதிர் இருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்றுதானே நாம் நினைத்திருக்கிறோம்? வடிவில் மாறுபட்ட இரண்டு சாவிகள் ஒரே பூட்டை எப்படித் திறக்கின்றன? விடை, படிவம் 1 மாணவருக்கும் புரியக்கூடிய எளிய அறிவியல்தான். அதற்குள் இருக்கும் கணக்கோ, பாதுகாப்பைப் பற்றி நாம் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கிறது.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது?

வீட்டுக் கதவுகளிலும் அலுவலகக் கதவுகளிலும் பெரும்பாலும் இருப்பது பின் பூட்டு. இதன் அடிப்படை மிகப் பழையது. பண்டைய எகிப்தில் மரத்தாலான பின்களைக் கொண்ட பூட்டுகள் இருந்தன. இன்று நம் கையில் இருக்கும் தட்டையான சிறிய சாவிக்கும் உருளை வடிவப் பூட்டுக்கும் வழிவகுத்தவர் அமெரிக்கரான லைனஸ் யேல் (மகன்). 1861-இல் அவர் தமது பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

பூட்டின் உள்ளே ஓர் உருளை இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது சுழல்வது அதுதான். அதைச் சுற்றி அசையாத வெளிக்கூடு இருக்கும். வெளிக்கூட்டிலிருந்து உருளைக்குள் வரிசையாக 5 அல்லது 6 துளைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள். அவற்றைக் கீழே அழுத்த மேலே ஒரு சுருள்வில்.

சாவி இல்லாதபோது மேல் பின்கள், பாதி வெளிக்கூட்டிலும் பாதி உருளையிலுமாக நிற்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல அவை உருளையைச் சுழலவிடாமல் தடுக்கின்றன. சாவியை நுழைத்ததும் அதன் மேடு பள்ளங்கள் பின்களை உயர்த்துகின்றன. ஒவ்வொரு துளையிலும் இரண்டு பின்களும் சேரும் இடம், உருளையின் விளிம்புக்கோட்டில் சரியாக வந்து நிற்க வேண்டும். ஐந்தும் ஒரே நேரத்தில் கோட்டில் நின்றால் உருளை சுழலும். ஒன்று மட்டும் சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றாலும் சுழலாது.

ஆகவே சாவி என்பது உண்மையில் ஓர் எண். ஒவ்வொரு பள்ளத்தின் ஆழத்துக்கும் 0 முதல் 9 வரை ஓர் இலக்கம் கொடுத்தால், 5 பள்ளம் உள்ள சாவியை 28643 என்று எழுதிவிடலாம். இப்படி 10 × 10 × 10 × 10 × 10 = 100,000 சாவிகள் கணக்கில் கிடைக்கும். சில அமைப்புகளை வெட்ட முடியாது. ஆழமான பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மிக உயர்ந்த மேடு வந்தால் சாவி பின்களின் கீழ் வழுக்கிச் செல்லாது. எனவே நடைமுறையில் எண்ணிக்கை கொஞ்சம் குறையும். புரிந்துகொள்ள நாம் 100,000 என்றே வைத்துக்கொள்வோம்.

நடுவில் ஒரு சிறு துண்டு

இப்போது புதிருக்கு விடை. மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் நடுவில் ஒரு சிறிய வட்டத் துண்டைச் செருகுங்கள். முன்பு பின்கள் சேரும் இடம் ஒன்றுதான் இருந்தது. இப்போது துண்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு. அப்படியானால் அந்தத் துளையை இரண்டு வெவ்வேறு உயரங்கள் திறக்கும். ஒன்றை அறைக்காரரின் சாவிக்கும் மற்றொன்றை மாஸ்டர் சாவிக்கும் கொடுத்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு:

மாஸ்டர் சாவி: 4 6 2 8 5
அறை 101-இன் சாவி: 2 8 6 4 3

அறை 101-இன் பூட்டில் முதல் துளை 2 அல்லது 4-க்கு வழிவிடும். இரண்டாவது 8 அல்லது 6-க்கு. மூன்றாவது 6 அல்லது 2-க்கு. நான்காவது 4 அல்லது 8-க்கு. ஐந்தாவது 3 அல்லது 5-க்கு.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்களும் குறைந்தது 2 படி விலகி இருப்பதைப் பாருங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஒரு படி என்பது பல பூட்டுகளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய துண்டு துளைக்குள் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். அதனால்தான் இரட்டைப்படைக்கு இரட்டைப்படை, ஒற்றைப்படைக்கு ஒற்றைப்படை என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

எத்தனை அறைகளுக்குப் போதும்?

முதல் இடத்தில் மாஸ்டர் சாவிக்கு 4 என்று கொடுத்துவிட்டோம். மற்ற சாவிகளுக்கு மிஞ்சியிருப்பவை 0, 2, 6, 8 ஆகிய நான்கு எண்கள். ஐந்தாம் இடத்தில் மாஸ்டருக்கு 5. மிஞ்சியவை 1, 3, 7, 9. இப்படி எல்லா இடத்திலும் நான்கு வாய்ப்புகள். ஆக 4 × 4 × 4 × 4 × 4 = 1,024 அறைகளுக்கு வெவ்வேறு சாவி தரலாம்.

இந்த முறையில் ஓர் அழகு உண்டு. எந்த அறைச் சாவியும் எந்த இடத்திலும் மாஸ்டர் சாவியின் எண்ணைக் கொண்டிருக்காது. எனவே 102-ஆம் அறைச் சாவி 101-ஐத் திறக்க வேண்டுமானால், ஐந்து இடத்திலும் 101-இன் எண்களாகவே அது இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது 101-இன் சாவியேதான்! பக்கத்து அறைக்காரர் உங்கள் கதவைத் திறக்க முடியாது என்பதை ஒரு பூட்டையும் தொடாமல் காகிதத்திலேயே நிரூபித்துவிட்டோம்.

மாடிக்கு ஒரு மாஸ்டர் சாவி வேண்டுமா? அதற்கும் இதிலேயே வழி உண்டு. முதல் இரண்டு எண்களை மாடியின் அடையாளமாக ஒதுக்குங்கள். முதல் மாடிக்கு 2 8 என்றால், அங்குள்ள எல்லா அறைச் சாவிகளும் 2 8 என்றே தொடங்கும். மாடி மாஸ்டர் சாவியின் எண் 2 8 2 8 5. முதல் இரண்டும் மாடியின் எண்கள். பின் மூன்றும் தலைமை மாஸ்டரின் எண்கள். கூடுதலாக ஒரு துண்டுகூடச் செருக வேண்டியதில்லை. இப்படி 16 மாடிகள், மாடிக்கு 64 அறைகள் வரை போகலாம்.

வசதிக்கு விலை உண்டு

இனிதான் முக்கியமான பகுதி. அறை 101-இன் பூட்டில் ஒவ்வொரு துளையும் இரண்டு உயரங்களுக்கு வழிவிடுகிறது. அப்படியானால் அதைத் திறக்கும் சாவிகள் எத்தனை? இரண்டு அல்ல; 2 × 2 × 2 × 2 × 2 = 32. அறைச் சாவி, மாடிச் சாவி, தலைமைச் சாவி ஆகிய மூன்றும் நாம் வெட்டியவை. மற்ற 29 சாவிகளை யாரும் செய்யவில்லை. ஆனாலும் பூட்டு அவற்றுக்கும் வழிவிடும். சாதாரணப் பூட்டை 100,000 சாவிகளில் ஒன்றுதான் திறக்கும். இந்தப் பூட்டையோ 3,125-க்கு ஒரு சாவி திறக்கும்.

கட்டடத்தின் பொது வாசலை எல்லா அறைச் சாவிகளும் திறக்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்டால் என்ன ஆகும்? 1,024 அறைகளுக்கும் சாவி கொடுத்திருந்தால், வாசல் பூட்டின் ஒவ்வொரு துளையும் ஐந்து உயரங்களுக்கு வழிவிட வேண்டும். பத்தில் ஐந்து, அதாவது பாதி. 5 துளைகளுக்கும் பெருக்கினால் 32-க்கு ஒரு சாவி அந்த வாசலைத் திறக்கும். நூறு அறைகளையும் காக்க வேண்டிய வாசல்தான் கட்டடத்திலேயே பலவீனமான பூட்டாகிவிடுகிறது. அனுபவமுள்ள திட்டமிடுபவர் இந்த இடத்தில், "வாசலுக்கு அட்டைக் கருவி பொருத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்.

இதைவிடப் பெரிய ஆபத்தை 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் பணியாற்றிய மேட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் அதை எழுதினார். மாஸ்டர் சாவி முறையில் உள்ள ஒரு சாதாரண அறைச் சாவியும் அதன் பூட்டும் ஒருவரிடம் இருந்தால், மாஸ்டர் சாவியின் எண்களை ஒவ்வொரு துளையாகத் தனித்தனியே கண்டறிய முடியும் என்று அவர் விளக்கினார். மொத்த எண்ணையும் ஒரே நேரத்தில் ஊகிக்க 100,000 வாய்ப்புகளைச் சோதிக்க வேண்டும். ஒவ்வோர் இலக்கமாகத் தேடினால் 5 × 9 = 45 போதும். பெருக்கல் கூட்டலாக மாறும்போது பாதுகாப்பு எப்படிச் சரிகிறது பாருங்கள்! பூட்டுத் தொழிலில் உள்ளவர்கள் சிலருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. பூட்டை வாங்குபவர்களுக்குத்தான் தெரியவில்லை.

சாவி என்பது எண் என்றால், அதைத் திருட ஒரு பார்வையே போதும். விமானப் பயணப் பெட்டிகளின் பூட்டில் சிவப்பு நிறச் சாய்சதுரக் குறியைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க விமான நிலையச் சோதனை அதிகாரிகள் அவற்றை மாஸ்டர் சாவியால் திறக்கலாம். 2014-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அந்தச் சாவிகளின் படமும் இருந்தது. அடுத்த ஆண்டே அவற்றின் முப்பரிமாண வடிவங்கள் இணையத்தில் உலா வந்தன. அச்சிட்டுப் பார்த்தவர்கள் பூட்டு திறப்பதைக் காட்டினார்கள். உலகெங்கும் உள்ள அத்தனை பெட்டிகளின் பூட்டையும் எப்படி மாற்றுவது? உங்கள் வீட்டுச் சாவியையும் படம் எடுத்துப் பகிராதீர்கள்.

காகிதத்தில் தொடங்கும் வேலை

அதனால்தான் நல்ல மாஸ்டர் சாவித் திட்டம் கடையில் தொடங்குவதில்லை, காகிதத்தில் தொடங்குகிறது. ஒரு பக்கம் கதவுகள் எல்லாவற்றையும், மறுபக்கம் ஆட்களை எழுதி அட்டவணை போடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி: இவர் இந்தக் கதவைத் திறந்தே ஆக வேண்டுமா? "திறந்தால் வசதி" என்பது விடை ஆகாது.

துப்புரவுப் பணியாளருக்கு அலுவலக அறைகள் தேவை. மின்சார அறை தேவையில்லை. மின் பழுது பார்ப்பவருக்கு மின்சார அறை தேவை. அலுவலக அறைகள் தேவையில்லை. கீழ்த்தளத்தில் ஒரு கிளினிக் இருந்தால் அதன் மருந்து அறையை மாஸ்டர் முறையிலிருந்தே விலக்கிவிடுவார்கள். பணப்பெட்டி அறைக்கும் அப்படியே.

அடுத்த கேள்வி: தொலைந்தால் என்ன செய்வது? அறைச் சாவி தொலைந்தால் ஒரு பூட்டை மாற்றலாம். மாடிச் சாவி தொலைந்தால் ஒரு மாடி. தலைமைச் சாவி தொலைந்தால் நூறு கதவுகளின் பூட்டுகளையும் கழற்றிப் பின்களை மாற்ற வேண்டும். எல்லாருக்கும் புதுச் சாவி கொடுக்க வேண்டும். அதுவரை கட்டடத்தில் யாரும் நிம்மதியாக உறங்க முடியாது. ஆகவே தலைமைச் சாவி அன்றாடம் இடுப்பில் தொங்கக் கூடாது. அது பெட்டகத்தில் இருக்க வேண்டும். எடுப்பவர் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். சாவியின் மேல் கட்டடத்தின் பெயரை எழுதவே கூடாது. "நகல் எடுக்கக் கூடாது" என்று பொறித்தால் மட்டும் போதாது. காப்புரிமை பெற்ற, உரிய அனுமதியோடு மட்டுமே வெட்டித்தரும் சாவி வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பின்னாளில் அறைகள் கூடும் என்பதால் சில எண்களை மிச்சம் வைப்பதும் அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. பூட்டு, வெளியே இருப்பவரைத் தடுக்கலாம். உள்ளே இருப்பவரை அடைத்துவைக்கக் கூடாது. மலேசியாவின் 1984 சீர்மைக் கட்டடத் துணைச்சட்டங்களின்படி, அவசர வெளியேறும் கதவுகளை உள்ளிருந்து சாவி இல்லாமலேயே திறக்க முடிய வேண்டும். தீப்பிடித்த நேரத்தில் சாவியைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.

மின் அட்டை வந்துவிட்டதே, இந்தக் கணக்கு இனி எதற்கு என்று கேட்கலாம். தொலைந்த அட்டையை ஒரு நொடியில் செல்லாததாக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அட்டவணையை யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும். கணினியில் யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க உரிமை என்பதும் இதே கேள்விதான். 1975-இலேயே ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணினிப் பாதுகாப்பின் கொள்கைகளில் ஒன்றாக எழுதினார்கள்: ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான உரிமை மட்டும் போதும். கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு சாவியும் பூட்டைக் கொஞ்சம் பலவீனப்படுத்துகிறது. 32 என்ற அந்த எண் அதற்குச் சாட்சி.

செய்து பாருங்கள்

1. அறை 101-இன் பூட்டை இவற்றுள் எவை திறக்கும்? (அ) 4 8 6 8 3 (ஆ) 2 6 2 4 7 (இ) 2 8 2 8 5

2. பூட்டில் 6 துளைகள் இருந்தால் எத்தனை அறைகளுக்கு வெவ்வேறு சாவி தரலாம்? ஒவ்வொரு பூட்டையும் எத்தனை சாவிகள் திறக்கும்?

3. உங்கள் பள்ளியின் கதவுகளையும் ஆட்களையும் கொண்டு ஓர் அட்டவணை போடுங்கள். அறிவியல் கூடத்தின் இரசாயனப் பொருள் அறையை யார் யார் திறக்க வேண்டும்? காரணத்தோடு நண்பர்களுடன் விவாதியுங்கள்.

விடைகள்: 1. (அ), (இ). 2. 4,096 அறைகள், 64 சாவிகள். 3. காரணம் சரியாக இருந்தால் உங்கள் விடையும் சரியே.