தூங்கும் பூநாரை ஏன் விழுவதில்லை?

குளிர்காலத்தில் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் ஏறிப் போனால், ஏரியின் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். அவற்றில் சில ஒற்றைக்காலில் நின்றபடியே தலையை முதுகு இறகில் செருகித் தூங்கும்.

நீங்களும் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். கணுக்கால் இப்படியும் அப்படியும் நடுங்கும். உங்களை விழாமல் நிறுத்த மூளையும் தசைகளும் ஓயாமல் உழைக்கின்றன. அப்படியென்றால் பூநாரையால் எப்படி நிம்மதியாகத் தூங்க முடிகிறது?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் யங்-ஹுய் சாங், லீனா டிங் என்ற இரு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். இறந்துபோன பூநாரை ஒன்றின் கீழ்க்காலைப் பிடித்து, ஒற்றைக்காலில் நிற்பதுபோல் நிமிர்த்தினார்கள். உடல் மடங்கவே இல்லை, அப்படியே நின்றது! இரண்டு காலில் நிற்கும்போது கால் இருக்கிற நிலைக்குக் கொண்டுவந்தபோது நிற்கவில்லை. இதற்குக் காரணம் காலின் அமைப்புதான். பூநாரையின் முழங்கால் நம் கண்ணுக்குத் தெரியாது. அது வயிற்றோரம் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. நடுக்காலில் பின்பக்கமாக மடங்குவதுதான் கணுக்கால். ஒற்றைக்காலில் நிற்கும்போது பாதம் உடலுக்கு நேர் கீழே வந்துவிடும். உடம்பின் எடையே மூட்டுகளை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மூளை பார்க்க வேண்டிய வேலையை எலும்பும் மூட்டும் பார்த்துவிடுகின்றன.

அறிவு முழுக்கத் தலைக்குள்ளேயே இல்லை, உடம்புக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார்கள் சில அறிஞர்கள். இதற்கு 'உடல்சார் அறிதல்' என்று பெயர். அவர்களில் ஒருவர் சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா. அவரும் அவருடைய ஆசிரியர் உம்பெர்டோ மதுரானாவும் 1970களில் இன்னொன்றும் சொன்னார்கள்: தன்னைத் தானே ஓயாமல் உருவாக்கிக்கொள்வதுதான் உயிர்.

இதை ஒரு இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓடும் இயந்திரத்தில் ஒரு பாகம் தேய்ந்தால் மெக்கானிக் வந்து மாற்ற வேண்டும். பூநாரைக்கு இறகு உதிர்ந்தால் புது இறகு தானாக முளைக்கும். அந்த இறகின் இளஞ்சிவப்பு நிறம்கூட அது தின்னும் பாசியிலிருந்தும் சின்னஞ்சிறு இறால் வகைகளிலிருந்தும் வருவதுதான். உப்புத் தண்ணீரில் இரை தேடும்போது உடம்புக்குள் அதிக உப்பு போய்விடும் அல்லவா? கண்ணுக்கு மேலே இருக்கும் உப்புச் சுரப்பிகள் அதை வடித்து மூக்கு வழியாக வெளியேற்றுகின்றன. சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு கரித்தாலும் ரத்தத்தில் உப்பின் அளவு ஏறாமல் பறவை பார்த்துக்கொள்கிறது.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் இரையிலிருந்து கிடைக்கும் சக்திதான் வேண்டும். படகு நெருங்கினால் கூட்டம் மொத்தமும் பறந்துவிடும், சேர்த்த சக்தியும் வீணாகும். அதனால் பழவேற்காட்டுக்குப் போகும்போது, பறவைகளுக்குப் பக்கத்தில் படகை விடச் சொல்லிக் கேட்காதீர்கள். தூரத்தில் நின்று பைனாகுலரில் பாருங்கள்.