நீடித்து உழைக்கும் கேமிங் கணினி: கொங்கு நாட்டுச் சூழலில் பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

நீடித்து உழைக்கும் கேமிங் கணினி என்பது, இன்றைய விளையாட்டுகளோடு அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் வெளிவரும் விளையாட்டுகளையும் இயக்கத்தக்க கணினியைக் குறிக்கும். அதற்காக ஓரிரு பாகங்களை மாற்ற வேண்டி வரலாம். முழுக் கணினியையும் மாற்ற வேண்டியிருக்கக் கூடாது. எக்காலத்துக்கும் தாங்கும் பாகம் என்று தனியாக எதுவும் இல்லை. பின்னாளில் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று முன்கூட்டியே அறிந்து வாங்குவதில்தான் கணினியின் ஆயுள் இருக்கிறது.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் ஆகிய மாவட்டங்களில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் பலருக்கு விளையாடுவதற்கும், கேட், பிளெண்டர், இயந்திரக் கற்றல் போன்ற பாடவேலைகளுக்கும் ஒரே கணினிதான். தறி ஓட்டியோ பனியன் கம்பெனியில் உழைத்தோ சேர்த்த பணத்தில் வாங்கும் கணினி, நான்காண்டுப் படிப்பு முடியும்வரை தாங்க வேண்டியது அவசியம். இப்பகுதியின் மின்சாரம், வெப்பம், பஞ்சுத் தூசி ஆகியவற்றையும் சேர்த்தே பாகங்களைத் தேர்வு செய்ய வேண்டும்.

செயலியும் சாக்கெட்டும்

செயலி தாய்ப்பலகையில் பொருந்தும் இடம் சாக்கெட் எனப்படும். செயலியின் வேகத்தைப் போலவே சாக்கெட்டின் ஆயுளும் முக்கியமானது. இதற்கு 2017ஆம் ஆண்டு நல்ல எடுத்துக்காட்டு.

2017 ஜனவரியில் இன்டெல் கோர் ஐ5-7600கே வெளிவந்தது. அதில் 4 கோர்கள், 4 திரெட்டுகள். அதே ஆண்டு ஏப்ரலில் ஏஎம்டி ரைசன் 5 1600 வந்தது. அதில் 6 கோர்கள், 12 திரெட்டுகள். அன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலும் ஐ5 முந்தியது. பின்னர் விளையாட்டுகள் அதிகத் திரெட்டுகளைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, நான்கு திரெட்டுகளும் முழுச் சுமையில் திணறிப் படம் விட்டுவிட்டு ஓடியது.

மேம்படுத்துவதிலும் வேறுபாடு இருந்தது. 2017 அக்டோபரில் வந்த இன்டெல் 8ஆம் தலைமுறைச் செயலிகள் அதே எல்ஜிஏ1151 என்ற பெயருள்ள சாக்கெட்டில் வந்தாலும், அவற்றுக்குப் புதிய 300 வரிசைத் தாய்ப்பலகை தேவைப்பட்டது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டிலோ, 2017இல் வாங்கிய பலகைகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்து, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்த முடிந்தது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது இந்த வேறுபாடு மீண்டும் வெளிப்பட்டது. விண்டோஸ் 11க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் 7600கே, ரைசன் 1600 இரண்டுமே இல்லை. ஏஎம்4 பலகை வைத்திருந்தவர் செயலியை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். மற்றவர் பலகையையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இன்றைய நிலையில் ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. அதற்கு 2027 வரையும் அதற்குப் பின்னும் ஆதரவு தொடரும் என ஏஎம்டி அறிவித்துள்ளது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு நின்றுவிட்டது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்தது. எல்ஜிஏ1700 கணினி மலிவாகக் கிடைத்தால் வாங்குவதில் தவறில்லை. ஆனால் பின்னாளில் புதிய தலைமுறைச் செயலியை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

கோர்களும் கேஷ் நினைவகமும்

எத்தனை கோர்கள் போதும் என்பதற்கு விளையாட்டுக் கன்சோல்கள் ஒரு குறிப்பைத் தருகின்றன. 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 8 கோர் கொண்ட சென் 2 செயலி உள்ளது. பெரிய விளையாட்டுகள் இந்தக் கன்சோல்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. எனவே புதிய தலைமுறையின் 6 கோர், 12 திரெட் செயலி குறைந்தபட்சத் தேவை. 8 கோர் வசதியான அளவு. விளையாட்டுக்கு மட்டும் என்றால் 12, 16 கோர் செயலிக்குக் கூடுதல் பணம் தருவதில் பெரிய பயன் இல்லை.

செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம் விளையாட்டுக்கு மிகவும் உதவும். ரைசன் 7 5800எக்ஸில் 32 எம்பி எல்3 கேஷ் உண்டு. 5800எக்ஸ்3டியில் அது 96 எம்பி. பின்னதன் கடிகார வேகம் குறைவு. ஆயினும் பல விளையாட்டுகளில் அதுவே முந்தியது. தேவையான தரவு அருகிலேயே இருப்பதால், செயலி முதன்மை நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரம் குறைகிறது என்பதே காரணம்.

கிராபிக்ஸ் கார்டு

கேமிங் கணினியில் முதலில் பழையதாகும் பாகம் கிராபிக்ஸ் கார்டுதான். அதன் சிப் எவ்வளவு வேகமானது என்பதோடு, விரேம் எனப்படும் சொந்த நினைவகம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, ஒரே சிப்பில் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக விற்கப்பட்டது. நினைவகம் நிரம்பாதவரை இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். நிரம்பிவிட்டால் 8 ஜிபி கார்டில் காட்சி தடுமாறும் அல்லது படங்கள் மங்கும். புதிதாக வாங்குவோர் 12 அல்லது 16 ஜிபி கொண்டதைத் தேடுவது நல்லது.

வேகம் இருந்தும் வசதி இல்லாததால் கார்டு காலாவதியாவதும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' விளையாட்டுக்கு ரே டிரேசிங் வசதியுள்ள கார்டு கட்டாயம். ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐயில் அவ்வசதி வன்பொருளாக இல்லை.

மின்சாரம்

2012ஐ ஒட்டிய ஆண்டுகளின் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கொங்குப் பகுதியில் வீட்டு இன்வெர்ட்டர் பரவலானது. அதில் கணினியை இணைக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மாறும் நேரம். கணினியின் எஸ்எம்பிஎஸ் மின்சாரம் இன்றிச் சுமார் 16 மில்லி விநாடிதான் தாங்கும். இன்வெர்ட்டர் அதற்குள் மாறாவிட்டால் கணினி அணைந்துவிடும். யூபிஎஸ் நிலையில் வைத்தால் மாறும் நேரம் குறையும். இரண்டாவது, அலை வடிவம். ஆக்டிவ் பிஎஃப்சி கொண்ட எஸ்எம்பிஎஸ்கள் சதுர அலை இன்வெர்ட்டரில் சில நேரம் நின்றுவிடும். தூய சைன் அலைக் கருவியே ஏற்றது.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது '80 பிளஸ்' முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. அது மின்சிக்கனத்தைக் குறிக்குமே தவிர, பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைக் குறிக்காது. 5 ஆண்டுக்கு மேல் உத்தரவாதம் உள்ள, தேவையைவிடச் சற்றுக் கூடுதல் வாட் கொண்டதை வாங்கினால், அடுத்த கிராபிக்ஸ் கார்டுக்கும் அதுவே போதும்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்றால் எர்த் சரியில்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸின் வடிகட்டி மின்தேக்கிகளில் கசியும் சிறு மின்சாரம் நிலத்துக்குப் போக வழியின்றிக் கேபினெட்டில் தங்குவதே காரணம். கோடையில் மண் காய்ந்து எர்த் பலவீனமாவது இப்பகுதியில் இயல்பு. எர்த் குழியை ஈரமாக வைத்திருக்க வேண்டும். மின்பணியாளரைக் கொண்டு சோதிக்கவும் வேண்டும்.

விளையாடும்போது 400 வாட் எடுக்கும் கணினி, நாள்தோறும் 3 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் நுகர்வு கூடக் கூட யூனிட் விலையும் கூடுவதால், செயலியின் மின்தேவையையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

வெப்பமும் பஞ்சும்

இணையத்தில் காணும் வெப்பச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் அறையில் செய்யப்பட்டவை. ஏப்ரல் மாதத்தில் சிமென்ட் ஷீட் வேய்ந்த அறை 36 டிகிரி இருந்தால், அந்த அளவுகளோடு ஏறத்தாழ 12 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே 78 டிகிரியில் ஓடிய செயலி இங்கே 90ஐ எட்டும். ஆகவே குளிர்விப்பானில் ஒரு படி மேலானதை வாங்குவது வீண் செலவாகாது.

திருப்பூர், சோமனூர், பல்லடம் பகுதிகளில் தறிகளிலிருந்தும் பின்னலாடைக் கூடங்களிலிருந்தும் பறக்கும் பஞ்சு, குளிர்விப்பானின் தகடுகளுக்கு இடையே பாய்போல் படிந்துவிடும். கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி உள்ள கேபினெட் இங்கு அவசியம். காற்றை உள்ளிழுக்கும் விசிறிகள் வெளியேற்றுவனவற்றைவிடக் கூடுதலாக இருந்தால், வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். பிளோயரால் ஊதும்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பிரிப்பதும் வாங்குவதும்

விளையாட்டே முதன்மை நோக்கமானால், மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கிராபிக்ஸ் கார்டுக்கும், ஐந்தில் ஒரு பங்கு செயலிக்கும் ஒதுக்குவது பொதுவான அளவு. பணம் பற்றாதபோது நடுத்தரச் செயலியோடு நின்றுகொள்ளலாம். அதைப் பின்னர் மாற்றலாம். தாய்ப்பலகை, எஸ்எம்பிஎஸ், கேபினெட் ஆகியவற்றில் குறைக்கக் கூடாது. மாற்றங்களைத் தாங்கி நிற்பவை அவையே. 2025ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. இத்தகைய நேரத்தில் 16 ஜிபி கொண்டு தொடங்கி, விலை இறங்கியபின் 32 ஜிபிக்குப் போகலாம்.

உள்ளூர்க் கடையில் வாங்கும்போது ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் ஜிஎஸ்டி ரசீதில் இருக்க வேண்டும். பெட்டியில் வரும் செயலிக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் உண்டு. டிரே எனப்படும் உதிரிச் செயலிக்குப் பொதுவாகக் கடைக்காரரின் சொல் மட்டுமே உத்தரவாதம். பழைய இன்டெல் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைச் செயலிகளை வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மிகை மின்னழுத்தத்தால் அவற்றில் சில பழுதானதை ஒட்டி, 2024இல் இன்டெல் பயாஸ் வழியான திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அத்திருத்தம் வருமுன் பழுதான செயலியைத் திருத்தம் சரிசெய்யாது.