எல்லையோரத்தில் பத்து சென்ட்

"பத்து சென்ட் வஸ்து, கார் போகும் வழி, கிணறு உண்டு." தமிழக-கேரள எல்லையில், பாறசாலை, இஞ்சிவிளை பக்கம் தரகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நில விளம்பரம் இப்படித்தான் வரும். அதே இடம் மறுநாள் வேறொரு குழுவில் "4 ஆர்" என்று வேறு விலையோடு வரலாம். ஓர் ஆர் என்பது சுமார் 2.47 சென்ட் என்று கணக்குப் போட்டாலும், இரண்டும் ஒரே மனைதானா என்று வாங்குபவரால் உறுதிசெய்ய முடியாது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட 4 தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கொடுக்கல் வாங்கலும் பெண்ணெடுப்பும் தொடர்ந்தன, நிலத்தின் காகிதம்தான் இரண்டாயிற்று. தமிழகப் பக்கம் களியக்காவிளையில் பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று கேட்பார்கள். கேரளப் பக்கம் பாறசாலையில் ஆதாரம் (பத்திரம்), தண்டப்பேர் (வரிக்கணக்கு எண்), போக்குவரவு (பெயர் மாற்றம்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது.

இந்தக் குழப்பத்துக்கு அறிவியல் தரும் முதல் விடை, நிலத்தை அது இருக்கும் இடத்தை வைத்தே அடையாளம் காண்பது. மத்திய அரசு 2021-இல் தொடங்கிய 'பூ ஆதார்' திட்டத்தில், மனையின் மூலைகளுடைய அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து 14 இலக்க அடையாள எண் உருவாகிறது. மாநிலம் எதுவானாலும் முறை ஒன்றே. இதற்கு மூலைகளைத் துல்லியமாக அளந்தாக வேண்டும். கேரளத்தில் 2022 நவம்பர் 1-இல் தொடங்கிய 'என்டெ பூமி' டிஜிட்டல் மறு அளவை அதைத்தான் செய்கிறது. இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த நிலையான நிலையம் ஒன்று, செயற்கைக்கோள் சமிக்ஞையில் உள்ள பிழையைக் கண்டறிந்து, வயலில் நிற்கும் கருவிக்கு அந்த நொடியே திருத்தம் அனுப்புகிறது. மீட்டர் கணக்கில் இருந்த பிழை சில சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. மரச்சீனி விளைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே எல்லைக்கல் எங்கே என்ற தகராறுக்கு இது பெரிய உதவி.

எண் மட்டும் போதாது. ஒருவர் 'வழி' என்று எழுதுவதை இன்னொருவர் 'ரோடு வசதி' என்று எழுதினால் கணினி இரண்டையும் சேர்த்துப் பார்க்காது. அமெரிக்காவில் தரகர்கள் தங்கள் விற்பனைப் பட்டியலை நெடுங்காலமாகப் பகிர்ந்து வருகிறார்கள். அங்கே 'ரெசோ' என்ற அமைப்பு, பரப்பு, விலை, விற்பனை நிலை ஆகிய ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே பெயரை வகுத்து வைத்திருக்கிறது. அதனால் வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்களாலும் அந்தப் பட்டியல்களைப் படிக்க முடிகிறது. இங்கும் அப்படியொரு பொதுப் பட்டியல் செய்தால், அதில் நம் ஊருக்கு வேண்டிய கட்டங்களும் இருக்க வேண்டும்: வழியின் அகலம், கோடையிலும் கிணற்றில் தண்ணீர் உண்டா, போக்குவரவு முடிந்ததா. மனைகளைக் காட்டும் அடிப்படை வரைபடத்துக்கு, எவரும் வரைந்து பயன்படுத்தக்கூடிய, 2004-இல் பிறந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 'மேப்பத்தான் கேரளம்' மூலம் கேரள அரசே மக்களை அதில் வரைய அழைத்தது.

பட்டியலைத் திறந்தால் பிழைப்பு போய்விடும் என்று தரகர்கள் அஞ்சுவது புரிகிறது. ஆனால் பங்காளிச் சண்டை எங்கே, மழைக்காலத்தில் எந்த வழி மூழ்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள்தானே. அந்த அறிவுக்குக் கூலி என்றும் உண்டு. மறைக்க வேண்டியவை உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும். பரப்பு, வழி, விலை, பூ ஆதார் எண் ஆகிய நான்கையாவது, எல்லைக்கு இருபுறமும் ஒரே வடிவில், எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.